இன்சுலினோடு இளமை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாவற்றின் அடியிலும் "தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்" என்ற வரி இருந்தது. கேட்டபடியே எவருடைய பெயரும் இங்கே இல்லை. அந்த வரியை எழுதும் கையை நான் நன்றாக அறிவேன். 1996 ஆம் ஆண்டு, 15 வயதில், எனக்கு முதலாம் வகை நீரிழிவு, அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் வகை, என்று தெரியவந்தது. அன்றிலிருந்து நான்கு வருடங்கள் எங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே அது எவருக்கும் தெரியாது. இத்தனை வருட ஊசிக்குப் பிறகும், கிளினிக்கில் புதிதாக ஊசி பழகும் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசிய பிறகும், இந்த நோயில் மிகவும் பாரமானது எது என்று கேட்டால், அதை மறைத்துக்கொண்டு திரிவதுதான் என்றே சொல்வேன். கடிதங்களைப் படித்தபோது அந்த எண்ணம் இன்னும் உறுதியானது. நான் வைத்தியர் இல்லை. ஊசியின் அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் உங்கள் வைத்தியரோடு பேசியே செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 18 வயது, அக்கா. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். 13 வயதிலிருந்து இன்சுலின் போடுகிறேன். காலையிலும் இரவிலும் கலங்கல் மருந்து, சாப்பாட்டுக்கு முன் தெளிந்த மருந்து. பின்னேர வகுப்பு நான்கு மணித்தியாலம் நடக்கும், இடைவேளை 15 நிமிடம். ஊசி போட மலசலகூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே சுத்தமும் இல்லை, வரிசையும் நீளம். அதனால் பல நாட்களில் ஊசி போடாமலே ஒரு ரோல்ஸ் சாப்பிட்டுவிடுவேன். போன கிழமை இடைவேளைக்கு முன்னரே கை நடுங்கி, வியர்த்து, பலகையில் எழுதியிருந்தது ஒன்றும் விளங்காமல் போயிற்று. பக்கத்தில் இருந்த சினேகிதி கேட்டபோது தலையிடி என்றேன். பரீட்சை மண்டபத்தில் இப்படி வந்தால் என்ன செய்வது? (மாணவி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, போன கிழமை உங்களுக்கு வந்தது தலையிடி இல்லை, குருதியில் சீனி இறங்கிய நிலை. அது இடைவேளைக்கு முன் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. காலையில் போடும் கலங்கல் இன்சுலின் ஏறக்குறைய 4 முதல் 10 மணித்தியாலத்துக்குள் தன் உச்ச வேலையைச் செய்கிறது. பாடசாலை விட்டு, மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸில் நின்று வந்து வகுப்பில் அமரும் நேரம் அந்த உச்சத்துக்குள்தான் விழுகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மதியச் சாப்பாட்டை. வகுப்பு தொடங்குமுன் ஒருமுறை விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு அந்த எண்களைக் கொப்பியில் எழுதிக் கிளினிக்கில் காட்டினால், காலை மருந்தைக் குறைக்க வேண்டுமா, பின்னேரம் சிறிதாக எதையாவது சாப்பிட வேண்டுமா என்று அவர்களால் சொல்ல முடியும். இடைவேளையில் ஊசி போடாமல் ரோல்ஸ் சாப்பிடுவதால் சீனி ஏறுகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒரே பின்னேரத்தில் இறங்கியும் ஏறியும் அலையும் உடம்போடு உயிரியல் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை உங்கள் ஆசிரியர்கள் அறியமாட்டார்கள். நான் அறிவேன்.

குருதியில் சீனி டெசிலீட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், அல்லது குத்திப் பார்க்க வழியில்லாமல் நடுக்கம் மட்டும் தெரிந்தால், 15 கிராம் அளவு விரைவில் கரையும் சீனியை உடனே எடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியை அல்லது குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் அந்த அளவு வந்துவிடும். 15 நிமிடம் பொறுத்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவை இன்னொருமுறை எடுங்கள். ஏறிய பிறகு இரண்டு கிரக்கர் பிஸ்கட் சாப்பிடலாம். சொக்லட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மென்பானம் வாங்கும்போதும் கவனம் தேவை. 2016 இலிருந்து நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனி அளவுக்கு நிறப்புள்ளி போடுகிறார்கள். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். வீட்டில் பச்சைப்புள்ளிப் போத்தலைத் தேடும் நாம், சீனி இறங்கிய நேரத்தில் பழக்கத்தில் அதையே வாங்கிவிடக்கூடாது; அதைக் குடித்துப் பயனில்லை.

ஊசிக்கு மலசலகூடம் வேண்டியதில்லை. இருக்கையிலேயே, சட்டையின் ஓரத்தைச் சற்று உயர்த்தி, வயிற்றில் போட்டு முடிக்க அரை நிமிடம் போதும். தெளிந்த மருந்து சாதாரண மனித இன்சுலினாக இருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டும் என்பதால், இடைவேளை மணி அடிக்குமுன்னரே வகுப்பில் போட வேண்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சினேகிதியிடம் மூன்று வசனம் சொன்னால் போதும்: எனக்கு நீரிழிவு இருக்கிறது, நான் வியர்த்துக் குழம்பினால் பையின் முன்பக்கத்தில் இருக்கும் குளுக்கோஸைத் தா, நான் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸ் இலக்கமான 1990 இற்கு அழை.

இதை வலியுறுத்துவதற்கு என் சொந்த நாள் ஒன்று காரணம். 1997 இல் என் பாடசாலையில் காலைக் கூட்டத்தில் சீனி இறங்கி விழுந்தேன். பிள்ளைகள் சுற்றிநின்று கொப்பியால் விசிறினார்கள். ஓர் ஆசிரியை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று சொல்லி என் வாயில் தண்ணீர் ஊற்றினார். அது மூக்கால் வந்தது. பத்தடி தூரத்தில் சிற்றுண்டிச்சாலை, அதில் ஒரு சாக்குச் சீனி. எனக்குச் சீனி வேண்டும் என்று அங்கிருந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

பரீட்சைக்கு வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி, அதிபர் மூலமாக முன்கூட்டியே கொடுத்து, குருதிச் சீனி பார்க்கும் கருவியையும் குளுக்கோஸையும் மேசையில் வைத்திருக்க அனுமதி கேளுங்கள். அன்று காலையிலேயே மேற்பார்வையாளரிடம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமைக்கு உங்களை ஆளாக்காதீர்கள். மண்டபத்துக்குள் போகுமுன் குத்திப் பார்த்து, 100 இற்குக் கீழே என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஓயாமல் தண்ணீர் குடித்து, இரவில் படுக்கையை நனைத்து, மெலிந்து போனான். வைத்தியசாலையில் சேர்த்தபோது நீரிழிவு என்று இன்சுலின் தொடங்கினார்கள். இப்போது மருந்து பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, சீனியும் நன்றாக இருக்கிறது. எங்கள் உறவினர் ஒருவர், இன்சுலின் கடைசிக் கட்டத்தில் போடுவது, பழகினால் விடமுடியாது, ஒரு மண்டலம் கசாயம் கொடுத்தால் மாறிவிடும் என்கிறார். நான் இனிப்புக் கொடுத்து வளர்த்ததால்தான் இது வந்ததோ என்று நினைத்து நித்திரை இல்லை. (தாய், கொட்டாஞ்சேனை)

பதில்: கடைசியில் நீங்கள் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அம்மா. நீங்கள் கொடுத்த இனிப்பால் இது வரவில்லை. முதலாம் வகையில், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழிதவறிச் சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்கிறது. அது ஏன் ஒரு பிள்ளையில் தொடங்குகிறது, இன்னொரு பிள்ளையில் தொடங்குவதில்லை என்பது முழுமையாக விளங்கவில்லை. ஆனால் மிட்டாயும் கேக்கும் அதற்குக் காரணமில்லை. இந்தக் குற்ற உணர்வை என் அம்மா இருபது வருடம் சுமந்தார். நீங்கள் இன்றோடு இறக்கி வையுங்கள்.

மருந்து பாதியாகக் குறைந்தது குணமாகும் அடையாளம் போலத் தோன்றும். உண்மையில் அது இந்த நோயின் நன்கு தெரிந்த ஒரு கட்டம். இன்சுலின் தொடங்கி, ஏறியிருந்த சீனி இறங்கியதும், எஞ்சியிருக்கும் கலங்கள் சற்று ஓய்வு பெற்றுச் சில காலம் நன்றாகச் சுரக்கின்றன. சிலருக்குக் கிழமைக் கணக்கில், பலருக்கு மாதக் கணக்கில், அரிதாக ஒரு வருடத்துக்கு மேலும் இது நீடிக்கும். பிறகு அந்தக் கலங்களும் அழிந்து, தேவை திரும்பவும் ஏறும். உங்கள் உறவினர் சொல்லும் மருந்து யாருக்கோ வேலை செய்தது என்று கேள்விப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் இந்த மாதங்களில் குடித்ததாகவே இருக்கும். கலங்கள் செய்த வேலையின் பெயர் கசாயத்துக்குப் போயிருக்கும். அந்த நம்பிக்கையில் ஊசியை நிறுத்திய பிள்ளைகள் வாந்தியோடும் மூச்சிரைப்போடும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதை நான் அறிவேன், எல்லாரும் திரும்பிப் போவதில்லை. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இன்சுலின் கடைசிக் கட்டத்து மருந்து என்ற பேச்சு, மாத்திரைகளில் பல வருடம் இருந்து பின்னர் ஊசிக்கு மாறும் இரண்டாம் வகை நோயாளிகளைப் பார்த்து வந்தது. உங்கள் மகனுக்கு அது முதல் மருந்து, ஒரே மருந்து. பழகிப்போகும் என்பதில் பொருளில்லை: நம் எல்லாருடைய உடம்பும் பிறந்த நாளிலிருந்து இன்சுலினில்தான் ஓடுகிறது, அவனுக்கு அது வெளியிலிருந்து வருகிறது. கனடாவின் டொரொன்டோ நகரில் 1921 இல் இன்சுலினைப் பிரித்தெடுக்குமுன், இந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினி போட்டு நாளைத் தள்ளினார்கள். 1922 ஜனவரியில் முதல் ஊசி பெற்ற லெனார்ட் தொம்சனுக்கு வயது 14. உடம்பு ஏறக்குறைய 30 கிலோகிராம். ஜனவரி 11 ஆம் திகதி போட்ட முதல் மருந்து சுத்தம் போதாமல் சரிவரவில்லை. சுத்திகரித்து 23 ஆம் திகதி திரும்பப் போட்டபோது அவன் சீனி இறங்கியது. சாவின் விளிம்பில் இருந்த அந்தப் பையன் மேலும் 13 வருடங்கள் வாழ்ந்தான். அந்த மருந்துதான், இன்னும் பலமடங்கு சுத்தமாக, அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் உங்கள் மகனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

பாகற்காயும் முருங்கையிலையும் வல்லாரையும் நல்ல உணவு, தாராளமாகச் சமையுங்கள். ஊசிக்குப் பதிலாக எதையும் வைக்காதீர்கள். உறவினரோடு வாதாட வேண்டியதில்லை. அடுத்த கிளினிக் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போய் வைத்தியரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 27, கணினித் துறையில் வேலை. அலுவலகப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 148. திரும்பப் பார்த்தும் அப்படியே. மெட்போர்மின் மாத்திரை தந்திருக்கிறார்கள். குடித்தால் வயிற்றைப் பிரட்டுகிறது. என் உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 64 கிலோகிராம். மெலிந்தவனுக்கு எப்படி வந்தது? (தெஹிவளை)

பதில்: தம்பி, வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இரண்டுமுறை வந்தால் அது நீரிழிவு. தெற்காசியர்களுக்கு நிறை குறைவாக இருக்கும்போதே, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பால் இரண்டாம் வகை வருகிறது. அதனால்தான் நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை 90 சென்ரிமீற்றர் என்றும் பெண்களுக்கு 80 என்றும் வைத்திருக்கிறார்கள். தராசை விட்டு அளவுநாடாவை எடுத்துப் பாருங்கள். மெட்போர்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே குடித்தால் பிரட்டல் குறையும். ஆரம்ப அளவைச் சிறிதாக்கிப் படிப்படியாகக் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: தாகமும் சிறுநீரும் கூடி, நிறை விரைவாக இறங்குகிறது என்றால், இது மெதுவாக வரும் முதலாம் வகையாக இருக்கலாம். அதைக் கண்டறியக் குருதியில் எதிர்ப்பொருள் பரிசோதனை இருக்கிறது. வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

சாப்பாட்டில் நான் சொல்லும் ஒரே கணக்கு பாணில் தொடங்கும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அதில் ஏறக்குறைய பாதி மாச்சத்து. கடையில் பருப்போடு கால் இறாத்தல் சாப்பிட்டு எழும்புபவர் 55 கிராம் அளவு மாச்சத்து எடுத்திருக்கிறார், அது மேலே சொன்ன மாணவி ஆபத்தில் குடிக்கும் சீனித் தண்ணீரைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல்.

கேள்வி: ஒன்பது வருடமாக முதலாம் வகை. இப்போது 22 வயது, ஹோட்டல் ஒன்றில் இரவு வேலை. மூன்று மாதமாக நான் குத்திப் பார்க்கவே இல்லை. நீண்டநேர இன்சுலினையும் நினைத்தால் போடுவேன், இல்லாவிட்டால் விடுவேன். கடைசியாக எச்பிஏ1சி 11 வந்தபோது வைத்தியர் எல்லார் முன்னிலையிலும் ஏசினார். அதற்குப் பிறகு கிளினிக்குக்கும் போகவில்லை. வேலையிடத்தில் எவருக்கும் தெரியாது. களைத்துவிட்டது, அக்கா. (கொழும்பு 13)

பதில்: இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு நான்கு ஊசி என்று வைத்தாலும் ஒன்பது வருடத்தில் 13,000 ஊசி. விடுமுறை இல்லாத வேலை இது. களைப்பு வருவது உங்கள் பலவீனம் இல்லை. எங்களில் அது வராதவர் குறைவு. அந்த அறையில் உங்களை ஏசியது தவறு என்பதையும் நான் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த ஏச்சுக்காக உங்கள் கண்ணையும் சிறுநீரகத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

எச்பிஏ1சி 11 என்றால் கடந்த மூன்று மாதங்களில் உங்கள் சராசரிச் சீனி 270 அளவில் இருந்திருக்கிறது. 1993 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 13 முதல் 39 வயதுக்குட்பட்ட 1,441 முதலாம் வகை நோயாளிகளைச் சராசரியாக ஆறரை வருடம் தொடர்ந்தது. சீனியை இறுக்கமாக வைத்திருந்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் அபாயம் 76 வீதம் குறைந்தது. உங்கள் வயதில் செய்ததன் பலன் பின்னாளிலும் தொடர்வதை அதே நோயாளிகளில் பின்னர் கண்டார்கள். 11 இலிருந்து 10 இற்கு வருவதே பெரிய காரியம், இலக்கான 7 ஐப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரே மூச்சில் கீழே இறக்கவும் வேண்டாம். நெடுநாள் உயர்ந்திருந்த சீனி திடீரென்று இறங்கினால் ஏற்கனவே இருக்கும் கண் பாதிப்பு சில காலம் மோசமாகலாம். ஆகவே முதலில் கண் பரிசோதனை.

இந்தக் கிழமைக்கு உங்களிடம் இரண்டே விடயம் கேட்கிறேன். நீண்டநேர இன்சுலினை ஒருநாளும் விடாதீர்கள். அதை வேலைக்குப் புறப்படச் சப்பாத்துப் போடும் நேரத்தோடு கட்டிவிடுங்கள், இரவு வேலை மாறினாலும் சப்பாத்து மாறாது. இரண்டாவது, நாளுக்கு ஒரேயொருமுறை குத்திப் பாருங்கள். வரும் எண்ணை நல்லது கெட்டது என்று பார்க்காமல் எழுதி மட்டும் வையுங்கள். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாமல் போனாலும் இன்சுலினை நிறுத்தக்கூடாது. வாந்தியோடு வயிற்றுவலியும் ஆழ்ந்த வேகமான மூச்சும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த வைத்தியரிடம் திரும்பப் போக மனமில்லை என்றால் வேறு கிளினிக்குக்கு மாறலாம், அது உங்கள் உரிமை. நித்திரையும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் 1926 இற்கு அழையுங்கள்; அது தேசிய மனநல உதவி இலக்கம். வேலையிடத்தில் இரவில் உங்களோடு நிற்கும் ஒருவருக்காவது சொல்லுங்கள். ஹோட்டலில் சீனிக்குப் பஞ்சமில்லை, அதை உங்களுக்கு எடுத்துத் தர வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள்தான் அங்கே இல்லை.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு கிழமை யாழ்ப்பாணம் போகிறேன். இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது? அங்கே வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லை. (பம்பலப்பிட்டி)

பதில்: திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் வேண்டும். பாவித்துக்கொண்டிருப்பது 30 பாகைக்குள் ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும். உங்கள் மருந்துக்குச் சரியான கணக்குப் பெட்டியில் இருக்கும். ஒரு கிழமைக்குத் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து, கையோடு கொண்டுபோங்கள். வாய் அகன்ற சுடுநீர்ப் போத்தலில் ஐஸ் போட்டு, மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸில் படாமல் வையுங்கள். உறைந்த இன்சுலின் பிறகு இளகினாலும் பயன்படாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஐந்து நிமிடமும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையே மணல் நிரப்பி நனைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் நான் கொழும்பில் இதைச் செய்தேன். இங்கே காற்றில் ஈரம் கூடியதால் சட்டி அவ்வளவாகக் குளிரவில்லை. காய்ந்த காற்றடிக்கும் இடத்தில் நன்றாகக் குளிரும். தெளிந்த மருந்து கலங்கினாலோ, கலங்கல் மருந்து உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக நின்றாலோ எறிந்துவிடுங்கள்.

கேள்வி: வயது 19, முதலாம் வகை. நோன்பு பிடிக்க வேண்டாம் என்று உம்மா சொல்கிறார். கூட்டாளிமார் கேட்பார்கள் என்று சென்ற வருடம் சொல்லாமல் பிடித்தேன். பிழையா? (மருதானை)

பதில்: நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு இருக்கிறது, தம்பி, அது குர்ஆனில் நேராகச் சொல்லப்பட்டது, உம்மா அதைத்தான் சொல்கிறார். முதலாம் வகை உள்ளவர்கள், அதிலும் சீனி அடிக்கடி இறங்குபவர்கள், பிடிக்காமல் இருப்பதே நல்லது என்பது வைத்தியர்களின் பொதுவான கருத்து. உங்கள் சீனி சீராக இருந்து, வைத்தியரும் சம்மதித்தால், நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னரே போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்குங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை உங்கள் மௌலவியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, பகலில் பலமுறை பாருங்கள். 70 இற்குக் கீழே இறங்கினாலும் 300 இற்கு மேல் ஏறினாலும், நோன்பு திறக்கும் மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும், அந்த நொடியிலேயே நோன்பைத் திறந்துவிட வேண்டும். சொல்லாமல் பிடித்ததுதான் எனக்குப் பயம் தருகிறது. நீங்கள் மயங்கினால் கூட்டாளிமார் களைப்பு என்று நினைத்துத் தூங்க விட்டிருப்பார்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது. ஆசிரியையாக வேலை செய்கிறேன். ஒன்பது வயதிலிருந்து முதலாம் வகை. இப்போது ஒரு சம்பந்தம் வந்து, சாதகமும் பொருந்தி, அவரோடு இரண்டுமுறை பேசியும் விட்டேன். நல்லவராகத் தெரிகிறார். முன்பு இரண்டு இடங்களில் நோயைச் சொன்னவுடன் பேச்சு நின்றுபோனதால், இம்முறை தாலி ஏறும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று அம்மா கெஞ்சுகிறார். பிள்ளைகளுக்கும் வந்துவிடுமா என்ற பயமும் இருக்கிறது. (வெள்ளவத்தை)

பதில்: உங்கள் அம்மாவின் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. இரண்டுமுறை வாசலில் நின்று பதில் கேட்டவர் அவர். ஆனாலும் சொல்லுங்கள், தாலிக்கு முன் சொல்லுங்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் இதை நேர்மைக்காக மட்டும் கேட்கவில்லை. திருமணமான முதல் கிழமைகளை நினைத்துப் பாருங்கள்: புதிய வீடு, நேரம் தவறிய விருந்துகள், ஒவ்வொரு வீட்டிலும் பலகாரம், குளியலறையில் ஒளித்துப் போடும் ஊசி, இரவில் சீனி இறங்கினால் அருகில் படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாத நிலை. பதினேழு வருடம் உங்களைக் காத்த ஒழுங்கு முழுவதும் அந்தக் கிழமைகளில் குலையும். மறைப்பதற்காக ஊசியைத் தவறவிட்டுத் தேனிலவிலிருந்து நேரே வைத்தியசாலைக்கு வந்த பெண்ணோடு நான் பேசியிருக்கிறேன். கணவர் வீட்டார் அன்று கேட்டது ஏன் நோய் வந்தது என்றல்ல, ஏன் சொல்லவில்லை என்பதையே.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பெரியம்மா தட்டில் கேசரி நீட்டினார். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஊசி போட்டிருக்க வேண்டும், ஊசியோ உள்ளறையில். மாப்பிள்ளையின் தாயார், வெட்கம் போல என்றார். எனக்குள் ஏதோ தாங்கவில்லை. மாப்பிள்ளையோடு தனியாகப் பேச விட்ட பத்து நிமிடத்தில் கைப்பையைத் திறந்து ஊசி, குப்பி, கருவி மூன்றையும் மேசையில் வைத்து, இவை என்னோடு வரும் என்றேன். அவர் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, இரவில் மயங்கினால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அதற்கு முன் வந்த ஒருவர் மூன்றாம் நாள் தரகர் மூலம் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார், அந்த வலியும் எனக்குத் தெரியும். உங்களுக்கும் எந்தப் பதில் வரும் என்று நான் உறுதி தர முடியாது. வேண்டாம் என்று சொல்லப் போகிறவர் கலியாணத்துக்கு முன் சொல்வது உங்களுக்கு இழப்பாகாது என்று மட்டும் முழு மனதோடு சொல்கிறேன்.

சொல்லும் விதமும் முக்கியம். மன்னிப்புக் கேட்பது போலத் தொடங்காதீர்கள், அழுதுகொண்டும் சொல்லாதீர்கள். உங்கள் வகை நீரிழிவு என்ன, நாளுக்கு எத்தனை ஊசி, சீனி இறங்கினால் என்ன செய்வது, இவற்றைப் பாடம் நடத்துவது போலத் தெளிவாகச் சொல்லுங்கள். அது உங்களுக்குக் கைவந்த கலை. அம்மாவோ தரகரோ சொன்னால் நோய் பெரிதாகவும் நீங்கள் சிறிதாகவும் போய்ச் சேர்வீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிய பயம் ஊரில் பேசும் அளவுக்கு இல்லை. தாய்க்கு முதலாம் வகை இருந்தால் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு 100 இல் 1 முதல் 4 வரை. தகப்பனுக்கு இருந்தால் ஏறக்குறைய 6. இதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது கர்ப்பத்தைத் திட்டமிடுவதை. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் கிழமைகளில், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் சீனி உயர்ந்திருந்தால் குறைபாடுகள் வரும் அபாயம் கூடும். அதனால் எச்பிஏ1சியை முடிந்தால் 6.5 இற்குக் கீழே, சீனி அடிக்கடி இறங்காத வகையில், கொண்டுவந்த பிறகே கர்ப்பம் தரிப்பது நல்லது. அதுவரைக்கும் கருத்தடை முறை ஒன்று வேண்டும். நீரிழிவு உள்ள பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் என்ற விற்றமினைச் சாதாரண அளவைவிடக் கூடுதலாக, பெரும்பாலும் நாளுக்கு 5 மில்லிகிராம், கர்ப்பத்துக்கு முன்னரே தொடங்கி முதல் 12 கிழமை வரை கொடுப்பார்கள். கண்களையும் சிறுநீரகத்தையும் முன்கூட்டிப் பரிசோதித்து, வேறு மாத்திரைகள் குடிக்கிறீர்கள் என்றால் அவை கர்ப்பத்துக்கு ஏற்றவையா என்றும் கேட்க வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு இவற்றுக்காகக் கிளினிக்குக்குப் போகும் முதல் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஊசி போடவும் சீனி பார்க்கவும் காட்டிக்கொடுக்கும்படி அங்குள்ள தாதியிடம் கேளுங்கள்.